சாலை வேறு, சபை வேறு

நெய்வேலி நகரியத்திலும் மந்தாரக்குப்பத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள ஆலய அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்



கார்த்திகை பிறந்ததும் உங்கள் அலுவலகங்களில் கூட்டம் தொடங்கிவிடும். பாட்டுக்குழு எந்த இரவில் எந்த வட்டத்துக்குப் போவது, வேனுக்கு யார் பொறுப்பு, இந்த ஆண்டு தாத்தா வேஷம் யாருக்கு, மேடைக்குப் பேச்சாளர் உள்ளூரா வெளியூரா என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதுவீர்கள். கடைசிப் பக்கத்துக்குச் சற்று முன்னால் 'பிற மத நண்பர்களுக்கான கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி' என்று ஒரு வரி இருக்கும். இந்தக் கடிதத்தை எழுதுபவன் அந்த வரியில் இருப்பவன்.

குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். வீட்டில் முருகன் படம், கார்த்திகையில் ஐயப்பன் மாலை, மார்கழியில் அம்மாவின் கோலம். இன்றும் அப்படித்தான். உங்கள் கிறிஸ்துமஸ் அழைப்பிதழ்கள் நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கின்றன. சிலவற்றுக்குப் போயிருக்கிறோம். சிலவற்றைப் பார்த்ததும் மடித்து வைத்திருக்கிறோம். எதற்குப் போனோம், எதை மடித்தோம் என்பதை யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் விசுவாசத்தை நீங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக இதை எழுதவில்லை. சொல்லுங்கள். ஒளித்து வைத்துக்கொண்டு ஜாடையாகப் பேசுகிறவரைவிட, நான் நம்புவது இதுதான் என்று முகம் பார்த்துச் சொல்கிறவரிடம் எனக்கு மரியாதை அதிகம். எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

முதலில் ஒரு தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளியில் படித்த நாட்களில் பக்கத்து குவார்ட்டர்ஸில் ஒரு டீச்சரம்மா இருந்தார். ஒவ்வொரு டிசம்பர் 25 காலையிலும் பின்னல் துணி மூடிய எவர்சில்வர் தட்டு ஒன்று எங்கள் வீட்டுக்கு வரும். கல்கல், அச்சு முறுக்கு, இரண்டு துண்டு கேக். ஓராண்டு அப்பா மாலை போட்டிருந்தார். முட்டை கலந்தது எதுவும் ஆகாது, அசைவம் சமைத்த பாத்திரமும் ஆகாது. அந்த ஆண்டு தட்டு வராது என்றுதான் நினைத்தோம். வந்தது. கேக்குக்குப் பதிலாக அதிரசம். வாசலில் நின்றே டீச்சரம்மா சொன்னார்: "சாமி, இதுல முட்டை கெடையாது. புது வாணலி. தலைக்குக் குளிச்சிட்டுத்தான் சுட்டேன். தாராளமா சாப்பிடலாம்." அப்பா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "உள்ள வாங்க டீச்சர். அந்த மாட்டுக்கொட்டாய்ல பொறந்த கதைய முழுசா சொல்லுங்க. பாதிதான் தெரியும்." அன்றைக்கு எங்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து அவர் கதையை முழுதாகச் சொன்னார். பெத்லகேம், ஏரோது, எகிப்துக்கு ஓடியது வரை. மாலை போட்டிருந்த அப்பா இடையிடையே கேள்வி கேட்டார். அவ்வளவுதான். அப்பா அந்த ஆண்டும் மலைக்குப் போனார், அடுத்த ஆண்டும் போனார். ஆனால் அந்தக் கதையை எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவும் அன்று தெரிந்ததுதான். உங்கள் மைதானக் கூட்டங்கள் எதிலும் நான் அதைக் கற்கவில்லை.

இதற்கு எதிரானதையும் சொல்ல வேண்டும். சபையின் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கொடுத்த அக்காவுக்கு ஒரு டிசம்பரில் பத்துக் கிலோ அரிசியும் ஒரு சேலையும் கிடைத்தன. மேடையில் ஏற்றி, படம் எடுத்து, கொடுத்தார்கள். சேலை மடிப்புக்குள் ஒரு கைப்பிரதி. பையை வாங்கும் இடத்தில் ஒரு நோட்டு. பெயர், தெரு, போன் நம்பர், அடுத்த மூன்று ஞாயிறுகளில் எதில் வர முடியும். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் என் அம்மாவிடம் கேட்டார்: "போகலன்னா அரிசிய திருப்பிக் கேப்பாங்களாம்மா?" யாரும் கேட்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வயதான பெண்ணுக்கு அப்படி ஒரு பயம் வந்தது. அரிசி இனித்திருக்காது.

இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ரோமுக்கோ ஜெனீவாவுக்கோ போக வேண்டாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வடலூர் இருக்கிறது. 1867 மே 23 அன்று பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த எண்பது காணி நிலத்தில் வள்ளலார் சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையவில்லை. பசித்து வந்தவர் யாராக இருந்தாலும் அங்கே சோறு உண்டு. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்பதில்லை. 1872 தைப்பூசத்தில் சற்றுத் தள்ளி சத்திய ஞான சபை எழுந்தது. அங்கே நிபந்தனை உண்டு. கொலையும் புலையும் தவிர்த்தவர்தான் உள்ளே போகலாம். சாலையில் சாப்பிட்டவர் சபைக்கு வந்தாக வேண்டும் என்று இல்லை. சபைக் கொள்கையை ஏற்காதவருக்குச் சாலையில் சோறு இல்லை என்றும் இல்லை. வள்ளலார் தம் கொள்கையில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதவர். ஆனாலும் இரண்டுக்கும் இரண்டு கட்டடம் கட்டினார்.

நீங்களும் உங்கள் திருக்கூட்டத்தைச் சபை என்றுதான் அழைக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. கிறிஸ்துமஸில் உங்கள் சாலையையும் சபையையும் தனித்தனியாக வையுங்கள். அரிசி கொடுக்கும் நாளில் அரிசி மட்டும் கொடுங்கள். கைப்பிரதி வேண்டாம், நோட்டு வேண்டாம், மேடை வேண்டாம். கதை சொல்லும் நாளில் கூச்சமில்லாமல், முழுதாக, அழகாகக் கதை சொல்லுங்கள். அங்கே அரிசி வேண்டாம். தேநீரும் முறுக்கும் போதும்.

'சோற்றையும் சொல்லையும் எங்கள் ஆண்டவர் பிரிக்கவில்லையே, ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தாரே' என்று போதகர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த வரை அவர் பேச்சைக் கேட்க வந்தவர்களுக்குத்தான் பொழுது சாய்ந்ததும் பசித்தது, அப்போதுதான் அப்பம் வந்தது. அப்பத்தைக் காட்டி யாரையும் பேச்சுக்கு அழைக்கவில்லை. மிஞ்சிய துணுக்குகளைப் பன்னிரண்டு கூடையில் எடுத்தார்கள் என்றுதான் கதை; யார் யார் சாப்பிட்டார்கள் என்று பெயர் எழுதியதாக இல்லை.

நோட்டு விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிறிஸ்தவரைப் பார்த்து 'அரிசி மூட்டைக்கு மாறியவன்' என்று ஒரு வசை இன்று சமூக ஊடகமெங்கும் புழங்குகிறது. இந்த மாவட்டத்தில் கிறிஸ்தவம் தழுவிய எத்தனையோ குடும்பங்களின் பாட்டன்மார் அரிசிக்காக மாறவில்லை. பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார இடம் கிடைத்ததற்காக, பெயர் சொல்லி மரியாதையாக அழைத்ததற்காக, உண்மையாகவே நம்பியதற்காக மாறினார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் மேல் அந்த வசை விழுகிறது. ஒரே ஒரு நோட்டு, ஒரே ஒரு மேடைப் படம் போதும், வசைபாடுகிறவருக்கு அடுத்த பத்து ஆண்டுக்குத் தீனி.

சட்டமும் ஏறக்குறைய இந்தக் கோட்டைத்தான் வரைகிறது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு ஒரு மதத்தை நம்பவும் கடைப்பிடிக்கவும் மட்டுமல்ல, பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புதல் என்ற அந்தச் சொல் எளிதில் உள்ளே வரவில்லை. 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் அதன்மேல் காரசாரமாக விவாதம் நடந்தது. அந்தச் சொல் இருக்கட்டும் என்று எழுந்து பேசியவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் தாம் படித்ததையும், தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்பதையும் அவர் அங்கே எடுத்துச் சொன்னார். யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு இன்று இருக்கும் அந்த உரிமைக்கு அன்று சாட்சி சொன்னவர் ஓர் ஐயங்கார். எந்த நிபந்தனையும் இல்லாமல் தமக்குக் கிடைத்த படிப்பை வைத்துத்தான் அவர் சாட்சி சொன்னார். நெய்வேலியில் குளூனி பள்ளியில் படித்துவிட்டு வந்த இந்துப் பிள்ளைகளைக் கேட்டாலும் இதே போன்ற பதில்தான் வரும்.

1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு பக்கத்தைச் சொன்னது. தன் மதத்தின் கொள்கையை எடுத்துச் சொல்ல உரிமை உண்டு. இன்னொருவரை மாற்றுவது என்பது உரிமையாகாது. 2002இல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை 2004இல் அதைக் கொண்டுவந்த அரசே திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்தச் சட்டம் உங்களில் பலருக்குக் கசப்பான நினைவு. ஆசை காட்டுதல் என்ற சொல்லை எந்தச் சோற்றுப் பொட்டலத்தின் மேலும் ஒட்டிவிடலாம் என்ற பயம் அன்று இருந்தது. பயம் நியாயமானது. 2021 டிசம்பரில் ஆக்ராவில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவ பொம்மையையே எரித்தார்கள். நம் ஊரில் தாத்தா வேனில் நின்று மிட்டாய் வீசினால் மாலை போட்ட சாமிகளின் பிள்ளைகளும் ஓடிவந்து பொறுக்குகிறார்கள். இந்த வேறுபாட்டைச் சட்டம் உண்டாக்கவில்லை. எத்தனையோ டீச்சரம்மாக்கள் எத்தனையோ தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்து உண்டாக்கியது. அதைச் செலவழித்துவிடாதீர்கள் என்பதுதான் என் கவலை.

இனி உங்கள் நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன்.

நெய்வேலியில் கிறிஸ்துமஸ் கதையைச் சொல்ல உங்களுக்கு வேறு ஊருக்கு வாய்க்காத ஒரு வசதி இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. லூக்கா எழுதிய கதையில் செய்தி முதலில் யாருக்குப் போகிறது? ராத்திரி முழுக்க வயல்வெளியில் ஆடு காத்துக் கிடந்தவர்களுக்கு. அதாவது நைட் ஷிப்ட்காரர்களுக்கு. டிசம்பர் 24 நள்ளிரவில் உங்கள் ஆலயங்களில் மணி அடிக்கும்போது சுரங்கத்துக்குள் பக்கெட் வீல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரைப் பம்புகள் இரவெல்லாம் இறைத்துக்கொண்டிருக்கும். அவை நின்றால் சுரங்கம் தாங்காது. கொதிகலன் பக்கம் ஆள் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ், கேட்டில் காவலர். இவர்களில் கிறிஸ்தவர்களும் இருப்பார்கள், திருப்பலிக்கு வர முடியாமல். மற்றவர்களும் இருப்பார்கள். ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வெளியே வருகிறவர்களுக்கு கேட்டுக்கு எதிரே சாலையோரம் ஒரு மேசை போட்டு, சுடச்சுட சுக்குக் காப்பியும் ஒரு துண்டு கேக்கும் கொடுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். யாராவது 'என்ன விசேஷம்?' என்று கேட்டால் மட்டும் சொல்லுங்கள்: முதலில் சேதி கேட்டது நைட் ஷிப்ட்காரர்கள்தான் என்று. அந்த ஒரு வரி ஒரு சுரங்கத் தொழிலாளியிடம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரப் பிரசங்கம் செய்யாததைச் செய்யும்.

கதையில் இன்னொன்றும் இருக்கிறது. குடிக்கணக்கெடுப்புக்காகச் சொந்த ஊர் தேடி வந்தவர்களுக்குச் சத்திரத்தில் இடம் இல்லாமல் போனது. இடம் இல்லாமல் போவது என்றால் என்ன என்று இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1956இல் சுரங்க நிறுவனம் பிறந்து, அடுத்த ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த பிறகு வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் நாம். உங்கள் ஆலயங்களில் பலவற்றைக் கட்டியவர்களும் அப்படி வந்தவர்களே. நமக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் வயலையும் வீட்டையும் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போனார்கள். அது முடிந்த கதையும் அல்ல. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. உங்கள் கிறிஸ்துமஸ் பவனி பெரும்பாலும் நகரியத்தின் நல்ல சாலைகளில், குவார்ட்டர்ஸ் வாசல்களில் முடிந்துவிடுகிறது. அந்தக் கிராமங்களுக்குப் போங்கள். மேடை போடப் போக வேண்டாம். போய் உட்காருங்கள். இழப்பு கிராமங்களில் மட்டும் இல்லை. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்துக் கொதிகலன் விபத்தில் ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்கள் அடுத்த நாட்களில் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் வீடுகளில் டிசம்பர் எப்படி வருகிறது என்று பார்ப்பதும் உங்கள் நோட்டில் ஒரு வரியாக இருக்கலாம்.

இயற்கையும் இந்த மாவட்டத்தில் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் அடிக்கும். 2004இல் பண்டிகைக்கு மறுநாள் காலை ஆழிப்பேரலை. கடலூர்க் கரையில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2011இல் டிசம்பர் 30 விடியலில் தானே புயல். பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் ஒரே காலையில் சாய்ந்தன. மின்சாரம் தயாரிக்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2015இல் நவம்பரில் தொடங்கிய வெள்ளம் விசூரையும் பெரியகாட்டுப்பாளையத்தையும் புரட்டிப் போட்டது. அந்த நாட்களில் கோயில், பள்ளிவாசல், ஆலயம் என்று பார்க்காமல் எல்லோர் அடுப்பும் எரிந்தது. அந்தப் பொட்டலங்களில் கைப்பிரதி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவசரத்தில் யாருக்கும் அச்சடிக்க நேரம் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் சரி, அப்போது சாலை சாலையாகவே இருந்தது.

கதை சொல்லும் நாளுக்கு வருகிறேன். இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேடைகளில் இப்போது வருவது என்ன? கீபோர்டு, டிரம் செட், ஏதோ ஒரு வெளிநாட்டு மெட்டுக்குத் தமிழ் வார்த்தை, சிவப்புத் தொப்பி. இளைஞர்களுக்குப் பிடிக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பம் இருக்கிறது. இத்தாலியில் பிறந்த பெஸ்கி என்ற வீரமாமுனிவர் அங்கே எழுப்பிய ஆலயத்தில் மாதாவுக்குச் சேலை உடுத்தி, பெரியநாயகி என்று பெயரும் வைத்தார். விருத்தாசலத்துக் கோயிலில் இருக்கும் அம்மனும் பெரியநாயகிதான். அந்தப் பெயரைக் கேட்டவுடன் இந்த மண்ணுக்காரர் யாருக்கும் அந்நியமாக இருந்திருக்காது. 1726இல் அவர் முடித்த தேம்பாவணியில் 3,615 பாடல்கள். காவியத் தலைவன் யோசேப்பு, அவனுக்கு வளன் என்று தமிழ்ப் பெயர். நாடும் நகரமும் பாடத் தொடங்கினால் யூதேயாவில் தமிழ்நாட்டு மருதமும் நெய்தலும் வந்துவிடும். தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமுக்கே குறத்தியை அனுப்பிக் குறவஞ்சி எழுதினார். இலங்கையில் மன்னார்ப் பக்கத் தமிழர்கள் மூவிராசாக்கள் கதையைக் கூத்தாகவே ஆடினார்கள்.

கூத்து என்றதும் சொல்ல வேண்டும். கடலூர், விழுப்புரம் மாவட்டங்கள் தெருக்கூத்தின் தாய்வீடு. ஏரோது மன்னன் கட்டியக்காரனோடு திரை விலக்கி வரும் காட்சியை எண்ணிப் பாருங்கள். கிரீடம், புஜக்கட்டை, காலில் சலங்கை. 'என் நாட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு ராஜாவா?' என்று அவன் துள்ளும்போது கட்டியக்காரன் குத்தலாக ஒரு கேள்வி கேட்டால் மைதானமே சிரிக்கும். பிறகு பிள்ளைகளைத் தேடிக் கொல்லும் ஆணை வரும்போது அதே மைதானம் உறைந்துவிடும். இரணியன் கதையைப் பார்த்துப் பழகிய கூட்டம் இது. கொடுங்கோலனை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். வெளியூரிலிருந்து பேச்சாளரை அழைத்துவரும் செலவில் பக்கத்துக் கிராமத்துக் கூத்துக் குழுவுக்கு ஒரு மாதம் ஒத்திகைக்குக் கூலி கொடுக்கலாம். கலைஞர்களில் பாதிப் பேர் உங்கள் மதத்தவராக இருக்க மாட்டார்கள். அதுவும் நல்லதுதான், உங்கள் கதையை அவர்கள் வாயால் சொல்லக் கற்றுக்கொள்வார்கள்.

அடுத்தது குடில். கிறிஸ்துமஸ் அன்று மாலை எத்தனை இந்துக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்குக் குடில் பார்க்க வருகின்றன என்று நீங்கள் கவனித்திருப்பீர்கள். நவராத்திரிக் கொலு பார்க்கப் போகும் அதே பழக்கம்தான். கொலு வைத்த வீட்டில் வந்தவரை உட்கார வைத்து, ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, சுண்டல் கொடுத்து அனுப்புவார்கள். உங்கள் குடிலுக்கு முன்னால் என்ன நடக்கிறது? எட்டிப் பார்த்து, செல்பி எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். பேச ஆள் இல்லை. ஞாயிறு பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரைக் குடில் பக்கத்தில் நிற்க வையுங்கள். 'இவர்தான் யோசேப்பு, தச்சர். இவங்க மூணு பேரும் நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கேயிருந்து வந்தவங்க' என்று பத்து வயதுப் பிள்ளை சொன்னால் யார் கேட்க மாட்டார்கள்?

குடிலின் பிறப்பும் இப்படித்தான். 1223இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் வைக்கோல் போட்டு, மாடும் கழுதையும் கட்டி, ஊர்மக்களை ராத்திரியில் பந்தத்தோடு வரச் சொன்னார். பிறகு நேப்பிள்ஸ் நகரத்துக் கைவினைஞர்கள் குடிலுக்குள் தங்கள் தெருவையே கொண்டுவந்துவிட்டார்கள். மீன் விற்பவர், ரொட்டி சுடுபவர், சாராயக் கடைக்காரர், எல்லோரும் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். நம் குடில்களில் ஏன் பஞ்சுப் பனியும் பைன் மரமும்? நெய்வேலியில் பனி எப்போது பெய்தது? பலகையின் ஓரத்தில் மண்மேடு ஒன்று, அடியில் கறுப்பாகப் பழுப்பு நிலக்கரி அடுக்கு, தலைக்கவசம் போட்ட ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்கள், தலையில் பலாப்பழத்தோடு ஒருவர். இவர்களெல்லாம் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அந்தக் குடிலைப் பார்க்க நான் மந்தாரக்குப்பத்திலிருந்து நடந்தே வருவேன்.

சில சின்ன விஷயங்கள். உங்கள் வருகைக்காலம் முழுவதும் ஐயப்பன் மண்டல காலத்துக்குள் வருகிறது. தெருவில் பாதிப் பேர் மாலையில் இருப்பார்கள், இன்னும் சிலர் சிவப்புடுத்தி மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டியிருப்பார்கள். முட்டை சேராத பலகாரம் ஒன்றைத் தனியாக, தனி மேசையில் வையுங்கள். அப்படி ஒரு மேசை இருப்பதைப் பார்த்தாலே, எங்களை யோசித்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி இருக்கிறது. விழா நாட்களுக்கு அரசு தளர்த்தலாம் என்பதும் உண்மைதான். ஆனால் விதி அனுமதித்தாலும் கணிதத் தேர்வுக்கு முந்தைய இரவு அனுமதிக்காது. கேரல் குழு வந்து கித்தார் ஒன்றும் டேப் ஒன்றும் வைத்துப் பாடினால் கதவு திறக்கிறது. ஜெனரேட்டரும் ஹாரனும் வந்தால் ஜன்னல் மூடுகிறது. மார்கழிக் காலையில் நாங்கள் போடும் ஒலிபெருக்கியைப் பற்றி நீங்கள் இதே கடிதத்தை எழுதினால் நான் ஒப்புக்கொள்வேன், அந்தப் புகாரை முதலில் எழுத வேண்டியவர்கள் நாங்கள்தான்.

நன்கொடையாளர் படம் போட்ட பிளெக்ஸ் வேண்டாம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்றவரின் பிறந்தநாளுக்கு இருபது அடியில் பிளெக்ஸ் கட்டுவதைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. நோய் தீரும், கடன் தீரும் என்று எழுதும் சுவரொட்டிகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அதை ஒட்டாதீர்கள். உள்ளே படுத்திருப்பவர் படிக்கும் நிலையில் இருக்கமாட்டார், வெளியே நிற்கும் மனைவி படிப்பார்.

நகரிய நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள், இந்தக் கடிதம் அவர்கள் கண்ணிலும் படும் என்ற நம்பிக்கையில். ஜூலையில் புத்தகக் கண்காட்சிக்குத் திறக்கும் அதே மனத்தோடு டிசம்பரில் ஒரு நாள் எல்லா சபைகளும் சேர்ந்து நடத்தும் கூத்துக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சபைக்கும் தனித்தனி மேடை, தனித்தனி ஒலிபெருக்கி என்று ஆகாமல் இருக்க அதுவும் ஒரு வழி. கத்தோலிக்கரும் லுத்தரன்களும் தென்னிந்தியத் திருச்சபையும் பெந்தெகொஸ்தேக்காரரும் ஒரே மேடையில் ஏறுவதற்கு ஏரோதுதான் காரணமாக வேண்டும் என்றால், ஏரோதாலும் ஒரு நன்மை நடக்கட்டுமே.

நோட்டைப் பற்றி ஒரு திருத்தம். நோட்டே வேண்டாம் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஒரு நோட்டு இருக்கலாம். குடில் பக்கத்தில், நூலில் கட்டிய பேனாவோடு. வந்தவர்கள் விரும்பினால் ஒரு வரி எழுதட்டும். போன் நம்பர் கேட்காதீர்கள். இந்த ஆண்டு டிசம்பர் 25 மாலை நான் வந்து முதல் வரி எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து வட்டத்துக்காரன்

பின்குறிப்பு: இந்த ஆண்டு எங்கள் வீட்டில் இரண்டு பேர் மாலை போட்டிருக்கிறோம், நானும் என் மகனும். தட்டு அனுப்புவதாக இருந்தால் அதிரசம் போதும். தட்டைக் கழுவித் திருப்பித் தர மாட்டோம். தை முதல் நாள் வரை வைத்திருந்து, பொங்கலோடுதான் வரும்.